எட்டு வெட்டுக் காகிதம்

நாகலெட்சுமி உங்கள எதுத்துப் பேசலைங்க ஐயா. கேள்விதான் கேட்டா. பதினாறு ஏழு எத்தனைன்னு நீங்க கேட்டீங்க. எதுல பதினாறுங்கன்னு அவ கேட்டா. நடந்தது அவ்வளவுதான். அதுக்காக நோட்ட மூடி, தொப்பிய எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு, இந்தப் பள்ளிக்கூடத்துல படிப்பும் இல்ல பணிவும் இல்லைன்னு எழுதப் போறதா சொல்றீங்க. எழுதுங்க. இன்ஸ்பெக்டர் எழுதுறத வாத்தியார் தடுக்க முடியுமா. ஆனா தொப்பியக் கழட்டி வெச்சுட்டே எழுதலாம். வெளிய பேயிற மழையப் பாத்தீங்கல்ல. றொசல்ல ஸ்டேஷனுக்கு ரெண்டரை மைலு. பாதி வழி படி, மீதி வழி சேறு. இப்ப எறங்கினா நீங்க ரயில்ல போக மாட்டீங்க, ஆத்தோடதான் போவீங்க. நாலரை வண்டிக்கு இன்னும் நேரம் கெடக்கு. உக்காருங்க.

ஆமாங்க, சொல்லி வெச்சது நான்தான். ஒளிக்க ஒண்ணுமில்ல. வாய்ப்பாடு கேட்டா வாயத் தொறக்காதீங்கன்னு நான் சொல்லல. எது எத்தனைன்னு தெரியாம வாயத் தொறக்காதீங்கன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானேங்கிறீங்க. உங்களுக்கு ஒண்ணா இருக்கலாம்.

அந்தப் போத்தல்களையே பாக்குறீங்க. எண்ணிட்டீங்களா. பதினேழு. இது பள்ளிக்கூடமா, சாராயம் விக்கிற தவறணையான்னு கேட்டீங்க பாருங்க, அந்தப் பேச்சப் புள்ளைங்க காதுல விட வேணாமுன்னுதான் அவங்கள நனைஞ்சாலும் பரவால்லைன்னு லயத்து வீடுகளுக்கு அனுப்பிட்டேன். சாராயப் போத்தல் நாலு இருக்கு, உண்மதான். தோட்டத்துல காலிப் போத்தல்னா முதல்ல அதுதானே கெடைக்கும். மத்ததெல்லாம் தொரை பங்களா குப்பையில பொறுக்கினது. ஊறுகாய் போத்தல், ஜாம் போத்தல், தொரைசாணி மொகத்துக்குப் பூசுற ஏதோ ஒரு தண்ணி வந்த போத்தல். ஓரத்துல ஒல்லியா நிக்கிற பச்சைப் போத்தல் தைலம் வந்தது. அத மட்டும் தொடாதீங்க. கழுத்து ஒடஞ்சிருக்கு, கையக் கிழிச்சுரும்.

இதுல என்னா படிப்பு இருக்குன்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. வந்ததுலேருந்து நீங்க கேட்ட மொத நல்ல கேள்வி. ஒல்லியா ஒரு போத்தல், அதுக்கு ரெண்டு பங்கு அகலமா இன்னொரு போத்தல். ஒல்லியில இருக்கிற தண்ணிய அகலத்துல ஊத்தினா எவ்வளவு ஒசரம் நிக்கும்னு கேட்டேன். பாதி ஒசரம்னாங்க எல்லாரும். நீங்க என்னா சொல்லுவீங்க? சரி, வேணாம், விட்டுருங்க. ஊத்திப் பாத்தா பாதியும் நிக்காது, கால்தான் நிக்கும். அகலம் ரெண்டு மடங்கானா கொள்ளுறது நாலு மடங்கு. ஏன் நாலு, ஏன் ரெண்டு இல்லைன்னு ஒம்போது நாளு மண்டையப் போட்டு ஒடச்சாங்க. நான் சொல்லிக் குடுக்கல. கடைசியில நாகலெட்சுமிதான் தரையில கரிக்கட்டையால ஒரு சின்ன வட்டமும் அதுக்கு ரெண்டு பங்கு அகலமா ஒரு பெரிய வட்டமும் போட்டு, ரெண்டுலயும் தேயிலைக் கொட்டைய நெருக்கி அடுக்கி எண்ணினா. சின்னதுல பத்தொம்பது. பெருசுல எழுவத்தாறுக்கு ஒண்ணோ ரெண்டோ கூடக் கொறைய. எண்ணி முடிச்சுட்டு அவ சிரிக்கல. பயந்துட்டா. வாத்தியாரய்யா, அப்ப கண்ணு சொல்றது பொய்யான்னு கேட்டா.

உங்க சிலபஸ்ல இது இல்லைங்கிறீங்க. இல்லதான். அதுல என்னா இருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும், பதினோரு வருசமா அதத்தான் ஊட்டினேன். ஒரு தொட்டிக்கு ரெண்டு குழாய். ஒண்ணு நெரப்புது, ஒண்ணு வடிக்குது, தொட்டி எப்ப நெறையும். இங்க லயத்துல நாப்பது காம்பராவுக்கு ஒரே பீலி. மலையிலேருந்து வாற தண்ணி நிக்காம ஓடுது, அதுக்குத் தொட்டியும் கெடையாது, மூடியும் கெடையாது. அப்புறம் ஒரு ஹாலுக்குக் கம்பளம் விரிக்க எத்தனை கெஜம் வேணும்னு ஒரு கணக்கு. கம்பளிய எவனாவது தரையில போடுவானா, மழையில கொழுந்து பறிக்கப் போறப்ப எங்கம்மா எதத் தலையில போட்டுக்கிட்டுப் போகும்னு ஒருத்தி கேட்டா. எனக்குச் சிரிப்பு வரல அப்ப. பெரம்பெடுத்துக் கைய நீட்டச் சொன்னேன். விடை சரியா வந்துச்சுங்க. கைய நீட்டினதுக்கப்புறம் எல்லாருக்கும் சரியாத்தான் வந்துச்சு.

எதுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குறோம்? நீங்க பதில் சொல்ல வேணாம், பதிலு உங்க கையில அச்சடிச்சு இருக்கு. ஞாபக சக்தி வளரும், ஒழுக்கம் வரும், சொன்னதச் செய்யிற பழக்கம் வரும். போன தடவ வந்தப்பயே வாசிச்சுக் காட்டினீங்க. தொரைகிட்ட கேட்டா வேற சொல்லுவாரு. நூறு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும், அதுக்கு மேல படிச்சவன் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியப் புடிக்க மாட்டாங்கிறாரு. பெரிய கங்காணி இன்னும் தெளிவு. கூட்டத் தெரியட்டும், கழிக்க மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க வாத்தியாரேங்கிறாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு. ஆனா பாருங்க, உங்க மூணு பேருக்கும் ஒரு விசயத்துல ஒத்துமை இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்ற புள்ள வேணும். திருப்பிக் கேக்குற புள்ள யாருக்கும் வேணாம்.

நான் யோக்கியன்னு சொல்ல வரலைங்க. எனக்கும் வேணாமாத்தான் இருந்துச்சு. நானும் லயத்துல பொறந்தவன்தான். எங்கப்பாவும் அம்மாவும் இதே மாதிரி ஒரு பத்தடிக் காம்பராவுல செத்தவங்க. ஒரு பாதிரியார் வந்து நின்னு பதினாறாம் வாய்ப்பாடு யாருக்குத் தெரியும்னு கேட்டாரு. மூச்சு விடாம ஒப்பிச்சேன். அந்த ஒரு மூச்சுலதான் கொழுந்துக் கூடையிலேருந்து இந்த வாத்தியார் கதிரையில வந்து உக்காந்தேன். சுந்தரலிங்கம் வாத்தியார்னு தொரை எழுந்து நின்னு கூப்பிடாட்டியும், பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு. அப்ப நான் என்னா நெனைப்பேன்? என்னை ஏத்துன ஏணி எல்லாரையும் ஏத்தும்னுதானே. காலையில எட்டு மணிக்கு இந்தத் தகரக் கூரை அதிரும். கீழ ரோட்டுல மலை வேலைய மேற்பாக்கப் போற கண்டாக்கையா, இன்னைக்குப் பதிமூணாம் வாய்ப்பாடா வாத்தியாரேன்னு மோட்டார்சைக்கிள நிறுத்திக் கேப்பாரு. எனக்கு அதுல பெருமை.

அந்தச் சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே, அது உங்க கையெழுத்துத்தானே. நல்லா பாருங்க. முப்பத்தஞ்சாம் வருசம், ஜூன் மாசம். நீங்க இங்கிலீசுல எழுதினத நான் தமிழ்ல சொல்றேன். கணக்குப் பாடம் மிகவும் திருப்தி. பூரணி என்னும் மாணவி பதினாறாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பிழையின்றி ஒப்புவித்தாள். சுத்துப்பட்டுத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு இது ஒரு முன்மாதிரி. கண்ணாடிச் சட்டம் தொரை செலவு. அடுத்த நாளே ஆசாரிய அனுப்பினாரு.

பூரணிய ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் செவப்பும் ஒரு பக்கம் நீலமுமா ஒரு பென்சில், உங்க சட்டைப் பையிலேருந்து எடுத்துக் குடுத்தீங்க. பத்து வயசு. எண்ணெய் வெச்சுப் படிய வாரி, அம்மாவோட ரவிக்கைய மடிச்சுத் தைச்சுப் போட்டிருந்தா. பென்சில்னு சொன்னதும் ஞாபகம் வருது பாத்தீங்களா. நல்ல குட்டின்னு நீங்களே சொல்றீங்க. ஆமா, நல்ல குட்டிதான். இன்னைக்கு ஏன் வரலைன்னு கேக்குறீங்க. சொல்றேன். மழை இன்னும் கொறையல.

அன்னைக்கு ஒரு கைக்குழந்தை அழுதுச்சே, அது ஞாபகம் இருக்கா? இந்தக் கதவுக்கு வெளிய, தாவாரத்துல. அது அழுவுற சத்தத்துல நாலாம் வகுப்பு சொல்றது காதுல விழலைன்னு நீங்க ரெண்டு தடவ நெத்தியச் சுருக்கினீங்க. மூணாம் தடவ என்னைப் பாத்து, இதென்னா பள்ளிக்கூடமா புள்ளைக்காம்பராவான்னீங்க. நீங்க எப்பவும் அப்படித்தான் கேப்பீங்க போல, இதுவா, அதுவான்னு. அந்தக் குழந்தை பேரு அழகுமுத்து. பூரணியோட தம்பி. பதினோரு மாசம். மூணு நாளா வயித்தால போயிக்கிட்டிருந்துச்சு. வேலைக்குப் போறவங்க கைக்குழந்தைய வெச்சுப் பாக்குறதுதான் புள்ளைக்காம்பரா. ஆனா வயித்தால போற குழந்தைய அங்க எடுக்க மாட்டாங்க, மத்ததுக்கும் ஒட்டிக்குமுன்னு. அம்மா வீரம்மா காலையில ஆள் எண்ணுற பெரட்டுல நிக்காட்டி அன்னைக்குப் பேரும் கெடையாது, சம்பளமும் கெடையாது. அப்பன் பழனியாண்டி கவ்வாத்து மலையில. இன்ஸ்பெக்டர் வாறாரு, எவளாவது வராம இருந்தா தோல உரிச்சுருவேன்னு நான் மொத நாளே சொல்லி வெச்சிருந்தேன். அதனால அவ தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டே வந்தா.

மருந்து வாங்கியிருந்தாங்க. மருந்து வாங்காத சனங்கன்னு நெனைச்சுக்காதீங்க. மொத நாள் சாயங்காலம் வீரம்மா மூணு மைலு நடந்து டிஸ்பென்சரிக்குப் போயி வாங்கிட்டு வந்துச்சு. அங்க போத்தல் குடுக்க மாட்டாங்க, நம்மதான் கொண்டு போகணும். வீட்டுல இருந்த தைலப் போத்தலக் கழுவிக் கொண்டு போயிருக்கு. மருந்த ஊத்தி, ஒரு காகிதத்த நீளமா கத்தரிச்சு, ஓரத்துல எட்டு வெட்டு வெட்டி, போத்தல் மேல ஒட்டிக் குடுத்திருக்காரு டிஸ்பென்சர். ஒரு வேளைக்கு ஒரு வெட்டு எறங்கணும். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கு அதவிட நல்ல வழி கெடையாது. காலங்காலமா எல்லாத் தோட்டத்துலயும் அதுதான். அபின் கலந்த மருந்து, ஒரு வெட்டுக்கு மேல குடுத்துறாதன்னும் சொல்லித்தான் அனுப்பியிருக்காரு. அவரு மேல தப்பில்ல.

வாற வழியில லயத்துப் படியில வழுக்கிப் போத்தல் கழுத்து ஒடஞ்சுருச்சு. மருந்து சிந்தல. வீரம்மா ஒடஞ்ச வாய உள்ளங்கையால பொத்திக்கிட்டு வந்து சேந்துச்சு. அந்தத் தழும்ப இன்னைக்கும் பாக்கலாம். கண்ணாடித் துண்டு குழந்தை வயித்துக்குப் போயிருமேன்னு, துணியில வடிகட்டி வேற போத்தல்ல ஊத்திச்சு. இருந்தது ஜாம் போத்தல். அகலமானது. காகிதம் மழையில நனைஞ்சு தானா உரிஞ்சு வந்துச்சு. கணக்குல கெட்டிக்காரி வீட்டுலயே இருக்காளே, நீ ஒட்டும்மான்னு மககிட்ட குடுத்துச்சு. பூரணி சோத்துப் பருக்கைய மசிச்சு, அடி அடியோட சேர, கோணாம ஒட்டினா. ஒட்டினது நேராத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்.

இப்ப உங்களுக்குப் புரியுதுங்களா, பதினேழு போத்தல் எதுக்குன்னு? ஒல்லிப் போத்தல்ல எட்டு வெட்டு ஒசரம் நின்ன மருந்து, ஜாம் போத்தல்ல ரெண்டு வெட்டு ஒசரம்தான் நிக்குது. ஒரு வெட்டு எறக்கினா பாதி மருந்து காலி. நாலு வேளை மருந்து ஒரே வேளையில.

ஆமாங்க. குடிச்சுச்சு. குடிச்சதும் அழுகை நின்னுச்சு. தாவாரத்துல துணிய விரிச்சுப் படுக்க வெச்சுட்டு பூரணி உள்ள வந்து, உங்க முன்னாடி நின்னு, பதினாறாம் வாய்ப்பாட்ட மேலருந்து கீழும் கீழருந்து மேலும் சொன்னா. ஒரு எடத்துல கூடத் தடுமாறல. நீங்க பென்சில் குடுத்தீங்க. புள்ளைங்க கைதட்டினாங்க. அந்தச் சத்தத்துலயும் குழந்தை முழிக்கல. பதினொன்றரைக்குத் தூக்கிக்கிட்டுப் போனா. பக்கத்துக் காம்பரா ராசம்மா, புள்ள பெத்து வீட்டோட இருந்த பொண்ணு, அதுதான் ரெண்டு மணி போல ஒதடு கறுத்திருக்கிறதப் பாத்துச்சு. வீரம்மா கொழுந்து நிறுத்துட்டு வாறப்ப லயத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு.

உங்களுக்குத் தெரியாதுதான். யாரு உங்களுக்கு எழுதப் போறா? தோட்டத்துல ஒரு குழந்தை செத்ததுக்கு இன்ஸ்பெக்டருக்குத் தந்தியா அடிப்பாங்க. வயித்துப்போக்குன்னு எழுதி முடிச்சுட்டாங்க. ஆனா லயத்துல வேற மாதிரி முடிச்சாங்க. ஜாம் போத்தலப் பாத்தாங்க, காகிதத்தப் பாத்தாங்க, யாரு ஒட்டினதுன்னு கேட்டாங்க. நான்தான் ஒட்டினேன்னா பூரணி. கணக்குல பரிசு வாங்கின அன்னைக்கே கணக்குத் தப்பித் தம்பியக் கொன்னுட்டாங்கிற பேரு அன்னைக்கு வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் போகல. பீலிக்குத் தண்ணி எடுக்க வந்தான்னா, கணக்குக்காரி வாறா, போத்தல மறைங்கடின்னு சொல்றாளுங்க. சொல்றவளுங்கள்ல ரெண்டு பேரு எங்கிட்டப் படிச்சவளுங்க. பழனியாண்டி பென்சில அடுப்புல போட்டுட்டான். வீரம்மா ரெண்டு போத்தலையும் லயத்துச் சாக்கடைக் கானுல எறிஞ்சுது. காகிதம் கழண்டு போறதுக்குள்ள நான் கானுல எறங்கி எடுத்துட்டு வந்தேன். ஒடஞ்சது ஓரத்துல நிக்குது. ஜாம் போத்தல் இந்த மேசைக்குள்ள இருக்கு. இருங்க, காட்டுறேன். இதுதான். காகிதம் அப்படியே இருக்கு பாருங்க. எண்ணிக்கிடுங்க. எட்டு.

பூரணி இப்பக் கொழுந்துக்குப் போறா. பதினோரு வயசு. நிறுக்கிற எடத்துல எத்தனை றாத்தல்னு கேக்க மாட்டா. அவங்க என்னா சொன்னாலும் கூடைய எடுத்துக்கிட்டுப் போயிருவா. அந்த மட்டுல எல்லாருக்கும் திருப்திதான். நீங்க சொன்ன ஒழுக்கம், பணிவு, எல்லாம் அவகிட்ட வந்துருச்சு.

பாவம், அந்தப் புள்ளைக்குத் தெரியலைங்கிறீங்க. அங்கதான் நீங்களும் தப்புப் பண்றீங்க. அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு ஐயா. முழுசாத் தெரியல, ஆனா எங்கயோ இடிக்குதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. அன்னைக்குக் காலையில வந்ததும் வராததுமா எங்கிட்டதான் வந்தா. வாத்தியாரய்யா, காகிதம் அதே காகிதம், மருந்து அதே மருந்து, நேத்து எட்டு வெட்டு இருந்துச்சு, இன்னைக்கு ரெண்டுதான் இருக்கு, மிச்சம் ஆறு எங்கங்க போச்சுன்னு கேட்டா. இந்தப் பதினோரு வருசத்துல ஒரு புள்ள எங்கிட்டக் கேட்ட ஒரே கணக்கு அதுதான். மத்ததெல்லாம் நான் கேட்டது, இல்லாட்டி நீங்க கேட்டது. நான் என்னா சொன்னேன் தெரியுமா? இது கணக்கு இல்ல, போயி வரிசையில நில்லுன்னு சொன்னேன்.

அதுக்கு நீங்கதான் என்னா பண்ணியிருக்க முடியும் வாத்தியாரேன்னு எனக்குச் சமாதானம் சொல்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு. முக்கா மணி நேரமாப் பேசறேன், இப்பத்தான் மொத தடவையா எம்மேல எரக்கம் வருது. கொஞ்சம் இருங்க, அவசரப்பட்டு எரங்கிறாதீங்க.

உங்க ரிப்போர்ட்ட நான் தடுக்கல. கணக்குல தேர்ச்சி இல்லைன்னு எழுதுங்க. போத்தல எல்லாம் வெளிய எறியச் சொல்லி உத்தரவு போடுங்க. எனக்குப் பதிலா வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிற ஆள் வேணும்னு தொரைக்குச் சொல்லுங்க. ராஜினாமாக் கடுதாசி நான் எழுதி வெச்சாச்சு, தேதி மட்டும்தான் போடல. நீங்க இன்னைக்கு வரணும்னுதான் அதக் குடுக்காம வெச்சிருந்தேன். எதுக்குன்னு கேளுங்க. ஒரு வேலை இருக்கு. உங்களாலதான் முடியும்.

போன மாசம் பழனியாண்டி காம்பராவுக்கு நான் போனேன். ஒரு வருசம் போகாம இருந்துட்டுப் போனேன். உம்மக மேல தப்பில்ல, தப்பு எம்மேலன்னு நடந்ததச் சொன்னேன். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். கடைசியில கையெடுத்துக் கும்புட்டான். எம்புள்ளைக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க வாத்தியாரய்யா, உங்க மனசு யாருக்கும் வராதுன்னான். நம்பல. வாத்தியாரு பொய் சொன்னா அது புண்ணியம்னு நெனைக்கிற ஆளு அவன். பூரணி பக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. நீ சொல்லும்மான்னேன். நான்தான் ஒட்டினேன், அத மட்டும் சொன்னா. ஒரு வருசமா, தாய் அடிச்சுக் கேட்டப்பவும், லயமே கூடி நின்னு கேட்டப்பவும், வாத்தியாருங்கிற ஒரு சொல்லு அவ வாயில வரல. அந்த மரியாதைய அவளுக்குப் பெரம்பால சொல்லிக் குடுத்தவன் நான்.

ஏன்னா ஐயா, மருந்த அவ குடுக்கல. குடுக்க மாட்டேன்னு நின்னா. எட்டு எப்படி ரெண்டாச்சுன்னு தெரியாம எப்படிங்க குடுக்குறதுன்னு தாவாரத்துல போத்தல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னா. குழந்தை அழுதுச்சு. நீங்க நெத்தியச் சுருக்கினீங்க. நான் வெளிய போயி போத்தலப் புடுங்கி, ஒரு வெட்டுன்னா ஒரு வெட்டு, உனக்கு எண்ணத் தெரியாதான்னு கேட்டு, செரட்டையில சரியா ஒரு வெட்டு எறக்கி, என் கையாலதான் புகட்டினேன். புள்ளைங்க எல்லாம் கரும்பலகையப் பாத்து நின்னாங்க. பாத்தது ஒரே ஒருத்தருதான். தேத்தண்ணிக் கோப்பையக் கையில வெச்சுக்கிட்டு இந்த நெலைப்படியில நின்னீங்க. இப்பச் சரின்னு சொன்னீங்க.

ஞாபகம் வரலைன்னு சொல்லாதீங்க. பென்சில் ஞாபகம் இருக்கில்ல.

உங்க பேரு எங்கயும் வராது. போலீசு இல்ல, கோர்ட்டு இல்ல, எழுதிக் குடுக்கவும் வேணாம். நான் சொன்னா நல்லவன்னு கும்புடுறவங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. மழை விட்டுருச்சு பாருங்க. தாவாரத்துல நனைஞ்சு போயி நிக்கிறது பழனியாண்டிதான், பக்கத்துல அது பூரணி. மூணு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன், அவங்க ரெண்டரைக்கே வந்து நிக்கிறாங்க. ரயிலுக்கு நேரம் இருக்கு, பயப்படாதீங்க. கதவ நான் தொறக்குறேன். போத்தல நான் கையில வெச்சுக்கிறேன். அன்னைக்கு நின்ன அதே எடத்துல வந்து நில்லுங்க, ஐயா; பாத்தத மட்டும் சொன்னாப் போதும்.